ஷரத்து பதினொன்று

முதல் வருடம் ராமநாதபுரம் கோர்ட்டில்
நான் பேசிய வாக்கியம் ஒன்றுதான்:
“சீனியர் மதுரையில் இருக்கிறார், வாய்தா வேண்டும்.”
அதையே நான்கு குரலில் சொல்லப் பழகினேன்.
மழைநாளுக்கு ஒன்று.
நீதிபதிக்குப் பல்வலி என்று பெஞ்ச் கிளார்க்
கண்ணைக் காட்டும் நாளுக்கு இன்னொன்று.

கறுப்புக் கோட்டு தங்கச்சிமடம் பஸ்ஸில்
மடியில்தான் வரும்.
பாம்பன் பாலத்துக் காற்றில் ஒருமுறை
கழுத்துப் பட்டை பறந்தே போனது.
“கடலுக்கும் ஒரு வக்கீல்” என்றார் கண்டக்டர்.

சம்பளம் என்று எதுவும் இல்லை.
மாசக் கடைசியில் ஒரு கவர்,
பெட்ரோலுக்கு என்பார் சீனியர்.
என்னிடம் வண்டி கிடையாது.

கொலை, அடிதடி, பாகப்பிரிவினையெல்லாம்
மற்ற ஜூனியர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள்.
மீந்தது எனக்கு:
ஐஸ் பிளான்ட் பாக்கி,
நண்டுக் கம்பெனியின் திரும்பி வந்த காசோலைகள்,
நடுக்கடலில் நின்ற இன்ஜினுக்கு
கேரண்டி உண்டா என்ற கேள்வி.
ரத்தம் இல்லாத கட்டுகள்.
கூட்டிக்கொண்டே வந்தால்
ஏதோ ஒரு தொகையின் நடுவே
காதுத்தோடு ஒரு ஜோடி அடகுக்குப் போயிருக்கும்.

அப்படித்தான் பாசிக் கம்பெனி ஒப்பந்தம் வந்தது.
“வாலிநோக்கம் உப்பள ஒப்பந்தம் ஒன்று கிடக்கும்மா,
அதையே வைத்துப் போட்டுவிடு.”
பதினான்கு பக்கம்.
ராத்திரி பதினொன்றரைக்கு
உப்பை எடுத்துவிட்டுப் பாசி போட்டேன்.
உப்பு, பாசி. உப்பு, பாசி.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.

காலையில் முனைக்காட்டுப் பெண்கள் பதினேழு பேர்.
மிதவைக் கயிறு கட்டித் தேய்ந்த கட்டைவிரலை
மையில் வைத்து ஒற்றினால்
ரேகை விழவில்லை,
வட்டமாய் ஒரு நீலம்.
“அது போதும்” என்றேன்.
சட்டம் தெரிந்தவள் நான்.

மூன்றாம் வருடம் மேற்படி கம்பெனி
ஈரம் கூடுதல் என்று
இரண்டு லோடுக்குப் பணம் தரவில்லை.
பெண்கள் வழக்குப் போட்டார்கள்.
கம்பெனிக்கு நாங்கள். அதாவது நான்.
பலகையில் இப்போது என் பெயர் உண்டு,
அடியில், பெயிண்டருக்கு மீந்த இடத்தில்:
பி. அருள் ஜெனோவா.
சீனியர் மதுரையில் இருந்தார்.
“நீயே பேசிடு.”

வாதிகளுக்கு ஹபீபு நிசா, கீழக்கரை.
சட்டக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து நாற்காலி,
தொலைந்த என் ஹால் டிக்கெட்டைத் தேடித் தந்தவள்.
அன்று என்னை
“எதிர்வாதியின் கற்றறிந்த வழக்கறிஞர்” என்றாள்.
பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஷரத்து பதினொன்றை நிதானமாக வாசித்தாள்:

“மேற்படி உப்பில் ஈரம்
நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.”

எண்ணை மாற்றியிருக்கிறேன்.
பெயரை மாற்றவில்லை.

“உப்பு எங்கே ஐயா?
என் கட்சிக்காரர்கள் உப்பு விற்கவே இல்லையே.”

மின்விசிறிச் சத்தம்.
“யார் எழுதியது இதை?” என்றார் நீதிபதி.
எழுந்தேன்.
நான்கு குரலும் தொண்டையில் வரிசை கட்டின,
சீனியர், மதுரை, வாய்தா.
ஐந்தாவதாக ஒன்று வந்தது, கரகரப்பாக:
“நான்தான் ஐயா.”

அதற்குப் பிறகும் வாதாடினேன்.
எழுத்துப்பிழையால் ஒப்பந்தத்தின் கருத்து சாகாது என்றேன்,
இரண்டு தீர்ப்புகள் காட்டினேன்,
முக்கால் மணி நேரம்.
நன்றாகவே பேசினேன்.
அதுதான் சங்கடம்.
பின்வரிசையில் முத்திருளாயி
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்புக்குப் பதினெட்டாம் தேதி.

புளியமரத்தடியில் அவள் என்னை நோக்கி வந்தாள்.
வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.
“எங்க பக்கம் நின்னு இப்படிப் பேச
எவ்வளவு வாங்குவே?”
சொன்னேன், கொஞ்சம் குறைத்தே.
“அவ்வளவுதானா” என்றாள்.
“இது முடியட்டும்.
ஐஸ் பிளான்ட்காரன் ஒருத்தன் இருக்கான்.”

திரும்பும் பஸ்ஸில், மடியில் கோட்டு,
அவள் எண்ணைச் சேமித்தேன்:
முத்திருளாயி, உப்பு.

பாலம் ஏறும்போது பார்த்தேன்.
அழித்தேன்.
முத்திருளாயி, பாசி.